பரராசசிங்கத்தின் வலது கைக்கு ஒரு கெட்டிமேளம்

1

இந்தக் கதை ஒரு வெறும் கோப்பையில் தொடங்கியது. 1986ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். வுப்பர்டாலில் ஒரு மருத்துவமனையின் பயிற்சி அறையில், மேசைமேல் அந்தக் கோப்பை இருந்தது. அதை எடுக்கவேண்டிய கை எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எழுதத்தான் இத்தனை காலமாக முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

நான் அப்போது மொழிபெயர்ப்பாளர். அப்படிச் சொன்னால் பெரிதாகத் தெரியும். ஊரிலிருந்து வந்தவர்களில் எனக்குக் கொஞ்சம் டொச், ஜெர்மன் பாஷை, தெரியும், அவ்வளவுதான். யாருக்கு டாக்டரைப் பார்க்க டெர்மின், அதாவது நாளும் நேரமும், கிடைத்தாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எத்தனையோ பேருடைய வயிற்றுவலியையும் மலச்சிக்கலையும் ஜெர்மன் மொழிக்குக் கொண்டு சேர்த்திருக்கிறேன். அவற்றையெல்லாம் மறந்துவிட்டேன். கோப்பையை மறக்க முடியவில்லை.

2

முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்தது."

வெட்டிவிட்டேன். நாங்கள் எழுதும் கதைகள் எல்லாம் பனியில்தான் தொடங்குகின்றன. வாசிக்கிறவர்களுக்கு மூக்கு ஒழுகித் தடிமன் பிடித்துவிடும்.

இரண்டாவது தொடக்கம்: "மூளையில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டபோது பரராசசிங்கம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்."

இது உண்மை. அகதிகள் விடுதிச் சமையலறையில்தான் விழுந்தார். ஆனால் உருளைக்கிழங்கு என்றதும் நீங்கள் சிரிக்கிறீர்கள். முப்பத்தாறு வயதுக்காரன் ஒருவன் விழுந்ததற்கு நான் உங்களைச் சிரிக்க வைக்கக்கூடாது.

மூன்றாவது தொடக்கம்: "கை என்பது மனிதனின்

(இதை முடிக்கவில்லை. முடித்திருந்தால் நீங்கள் புத்தகத்தை மூடியிருப்பீர்கள்.)

சரி, நேரே சொல்கிறேன். பரராசசிங்கம் யாழ்ப்பாணத்து இணுவில்காரர். ஊரில் வொலிபோல் விளையாடியவர். அவர் போடும் சேர்விசை எடுக்க அயலூர்களில் ஆளில்லை என்று அவரே சொல்வார். கிழக்கு பெர்லின் வழியாக வந்து, வேலை செய்ய அனுமதி கிடைக்காமல் விடுதியில் இருந்த நாட்களில் பாரிசவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது. வலது கால் இழுத்து இழுத்து நடக்கப் பழகிவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. அதைத் தூக்கச் சொன்னால் அவர் நெற்றி வியர்க்கும், பல் கடிபடும், தோள் நடுங்கும். கை மடியில் கிடக்கும்.

3

பயிற்சி கொடுத்த பெண்ணின் பெயர் கெஸ்லர். இந்தப் பாத்திரத்தில் எனக்குப் பெரிய சந்தேகம் இருந்தது. நல்ல வெள்ளைக்காரி ஒருத்தி வந்து அகதியைத் தூக்கிவிடும் கதைகள் எனக்கே அலுத்துவிட்டன. ஆகவே ஒரு வரைவில் அவரைப் பொல்லாதவராக்கிப் பார்த்தேன். அவர் ஒத்துழைக்கவில்லை. நல்லவரும் இல்லை, பொல்லாதவரும் இல்லை. எந்நேரமும் வாயில் பெப்பர்மின்ட் போட்டபடி, நேரம் பிந்தினால் ஏசுகிற, முழுப்பெயரும் வாயில் நுழையாமல் "ஹெர் சிங்கம்" என்று கூப்பிடுகிற ஒரு மனிதப் பிறவி. அப்படியே விட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு அவர் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "இப்போது எடுக்கவேண்டாம். எடுப்பதாக நினையுங்கள். நன்றாக நினையுங்கள். நான் சொன்னதும் எடுங்கள்."

நான் தமிழில் சொன்னேன். பரராசசிங்கம் கோப்பையைப் பார்த்தார். சேர்விஸ் போடுமுன் பந்தைப் பார்த்திருப்பாரே, அப்படி. கெஸ்லர் வாயைத் திறந்தார்.

அந்த வார்த்தை வெளியே வருமுன் போர்விமானம் ஒன்று கூரையை உரசுவதுபோல் போனது.

(அந்தக் காலத்து மேற்கு ஜெர்மனியில் இருந்தவர்களுக்குத் தெரியும். பயிற்சி என்று சொல்லித் தாழப் பறப்பார்கள். வருவது கேட்காது. வந்த பிறகுதான் கேட்கும். யன்னல் கண்ணாடி எல்லாம் அதிரும்.)

நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. ஊரில் ஹெலிகொப்டரிலிருந்து சுடுவதைப் பார்த்துவிட்டு வந்தவளின் உடம்பு யாரையும் கேட்டுக்கொண்டு ஒளிவதில்லை. கண்ணைத் திறந்தால் எதிரே கெஸ்லர், தலைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. இரண்டாம் உலகப்போரில் இந்த ஊர் குண்டுவீச்சில் எரிந்த இரவில் அவருக்கு ஏழு வயது என்று பிறகு சொன்னார். இரண்டு வளர்ந்த பெண்கள் ஒரு மேசைக்கு அடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தையையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு எழுந்தோம்.

பரராசசிங்கத்தின் வலது கை மேசைமேல் நீண்டிருந்தது. விரல்கள் கோப்பையைச் சுற்றிப் பிடித்திருந்தன.

"தங்கச்சி, இதை நான் செய்யேல்லை" என்றார்.

"அப்ப ஆர் செய்தது, அண்ணை?"

"தெரியேல்லை. நான் நினைச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. எங்கள் இருவரையும் மேசைக்கு அடியில் தள்ளிய அதே சத்தம் அவர் கையை மட்டும் வெளியே கொண்டுவந்திருந்தது.

4

இங்கே கொஞ்சம் கட்டுரை. விருப்பமில்லாதவர்கள் 5க்குப் போகலாம், கோபிக்கமாட்டேன்.

அன்றைக்கு கெஸ்லரிடம் இதற்கு விளக்கம் இல்லை. "வேறு சில நோயாளிகளிடமும் கண்டிருக்கிறேன், கதவு படாரென்று சாத்தும்போது. எழுதி வைக்க வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்" என்றார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, இதையே ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்து தேடித் தேடி வாசித்தேன். எனக்கு விளங்கியவரை இவ்வளவுதான்: மூளையின் மேற்பரப்பிலிருந்து கைக்குப் போகும் பெரிய தெரு பாரிசவாதத்தில் உடைந்துவிடுகிறது. ஆனால் கீழே, மூளை முள்ளந்தண்டோடு சேரும் இடத்தருகே, மிகப் பழைய, ஒடுங்கிய ஒழுங்கை ஒன்று இருக்கிறது. திடுக்கிடுவது அந்த வழியாகத்தான். ஒருவர் ஓர் அசைவை மனதில் முழுதாகத் தயார்செய்து வாசலில் வைத்திருக்கும் நேரத்தில் பெரிய சத்தம் ஒன்று திடீரென்று கேட்டால், அது அந்த அசைவையும் அள்ளிக்கொண்டு ஒழுங்கையால் ஓடிவிடுமாம். "போ" என்று அந்த ஆள் தன் கைக்குச் சொல்ல முதலே கை போய்விடுகிறது.

ஆக, கை மறக்கவில்லை. அந்த அசைவு அவருக்குள் முழுதாக, ஒரு சேதமும் இல்லாமல், பூட்டிய வீட்டில் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. ஏலாது ஏலாது என்று நாங்கள் முடிவுகட்டிய எத்தனை பேருடைய எத்தனை காரியங்கள் அப்படி உள்ளே இருக்கின்றனவோ.

* குறிப்பு: இது எல்லாருக்கும் நடப்பதில்லை. தயாராக இல்லாத நேரத்தில் சத்தம் கேட்டால் நேர்மாறாகவும் ஆகலாம், கை மடங்கி இறுகிவிடும். இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கதை இதில்தான் இடறப்போகிறது.

5

இனி யோகம்.

யோகம் பரராசசிங்கத்துக்கு ஊரிலேயே நிச்சயித்த பெண். 1987 தையில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தாள். பாரிசவாதம் வந்தது தெரிந்துதான் வந்தாள். கனடாவில் அவளுடைய அண்ணன்காரன் இருந்தான். அங்கே வரச்சொல்லி அவன் கூப்பிட, இவள் இங்கே வந்தாள். வந்த அன்றைக்கே பரராசசிங்கம் என் முன்னால் அவளிடம் சொன்னார்:

"கை எழும்பினால் தாலி கட்டுவன். எழும்பாட்டி நீர் கனடாவுக்குப் போம்."

"கையையோ நான் கலியாணம் முடிக்க வந்தனான்?" என்றாள் யோகம்.

"விசர்க்கதை கதையாதையும். நாளைக்குச் சோறு பிசைஞ்சு தாறதும் நீர், சேட்டுப் பொத்தான் பூட்டுறதும் நீர். வாழ்நாள் முழுக்க உம்மடை கைதான் எனக்குச் செய்யப்போகுது. ஒருதரம் எண்டாலும் என்ரை கை உமக்கு ஒண்டு செய்யட்டும். அதுக்கும் ஏலாதெண்டால் எனக்கு ஒண்டும் வேண்டாம்."

(இந்த இடத்தில் முதல் வரைவில் யோகத்தை அழவைத்தேன். அந்த வரைவை அண்மையில் யோகத்துக்கே தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "நான் எங்கை அக்கா அழுதனான்? எனக்கு வந்த கோவத்துக்கு அவரின்ரை மற்றக் கையையும் முறிச்சிருப்பன்" என்றாள். திருத்திவிட்டேன்.)

நான் கெஸ்லரிடம் விசயத்தைச் சொன்னேன். இடது கை நன்றாக இருக்கிறது. முடிச்சுப் போட ஒத்தாசைக்கு நான் நிற்பேன். வலது கை மஞ்சள் கயிற்றின் ஒரு நுனியோடு அவள் தோளைத் தாண்டிப் பிடரிவரை போனால் போதும். கெஸ்லர் பெப்பர்மின்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"அந்த நேரத்தில் சத்தம் ஏதாவது இருக்குமா?"

"கெட்டிமேளம் அடிப்போம். இருக்கிற வாத்தியம் எல்லாம் ஒரேயடியாக முழங்கும்."

"எப்போது? கட்டிய பிறகா?"

"கட்டுகிற அந்த நேரத்தில்."

கெஸ்லர் பெப்பர்மின்டைக் கடித்து நொறுக்கினார். "உங்கள் முன்னோர்கள் இதைத் தெரிந்துதான் வைத்தார்களா?"

ஓம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உலகத்தில் எல்லாவற்றையும் நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று சொல்கிற வியாதி எங்களுக்கு உண்டு. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். தாலி கட்டும் நேரத்தில் யாராவது தும்மினாலோ அபசகுனமாகப் பேசினாலோ காதில் விழக்கூடாது, அதற்குத்தான் அந்த முழக்கம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் என்றேன். தும்மலை மறைக்க உண்டான சத்தம் ஒரு கையைத் தட்டி எழுப்பப் போகிறது என்று அவர்களில் ஒருவராவது நினைத்திருப்பாரா?

6

பயிற்சி நடந்தது. மருத்துவமனைச் சமையலறையிலிருந்து பெரிய சட்டிமூடி ஒன்றைக் கெஸ்லர் கொண்டுவந்தார். யோகம் கதிரையில் இருப்பாள். பரராசசிங்கம் முன்னால் நின்று அவள் பிடரியை நினைப்பார். கெஸ்லர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்று, நினைப்பு நிறைந்துவிட்டது என்று கண்டதும் மூடியில் ஓங்கி அடிப்பார். பல தடவை கை போனது. விரல் பிடரியில் பட்டதும் யோகம் மெல்லச் சிரிப்பாள், வெளியே காட்டிக்கொள்ளாமல்.

ஒருநாள் கெஸ்லரின் கை தவறி மூடி நிலத்தில் விழுந்தது. பரராசசிங்கம் அப்போது என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். கை நெஞ்சோடு மடங்கி, முஷ்டி இறுகி, திறக்கவே நெடுநேரமாயிற்று. அவருடைய முகத்தில் இருந்த நோவையும் வெட்கத்தையும் நான் எழுதமாட்டேன்.

"தயாராக இருந்தால் சத்தம் நண்பன். இல்லாவிட்டால்" என்று தொடங்கிய கெஸ்லர் அதை முடிக்கவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை.

7

கலியாணம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, ஒரு தேவாலயத்து மண்டபத்தில். பங்குனியில் எங்கள் பக்கம் யாரும் கலியாணம் வைப்பதில்லை. ஆனால் பாதிரியார் தந்த நாள் அது. மாதம் போனால் போகட்டும், முகூர்த்தமாவது சரியாக இருக்கவேண்டும் என்று விஜயரத்தினம் அண்ணை பிடிவாதமாக நின்றார். இவர் விடுதியில் எங்களோடு இருந்தவர், ஊரில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். நாலைந்து மந்திரம் தெரிந்ததால் ஐயர் இல்லாத ஊரில் ஐயரானார். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்தை வைத்து ஜெர்மன் நேரத்துக்குக் கழித்துக் கணக்குப் பார்த்து, பகல் பன்னிரண்டு மணிக்குள் தாலி ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நாதஸ்வரமும் இல்லை, தவிலும் இல்லை. சோற்றுப்பானை, அலுமினியத் தட்டுகள், தண்ணீர் கொதிக்கவைக்கும் கிடாரம், கெஸ்லர் இரவல் தந்த சட்டிமூடி. இதற்கெல்லாம் தலைவன் எங்கள் விடுதியில் இருந்த அம்புறோஸ். கிறிஸ்தவ வேதக்காரன், சைவக் கலியாணத்தில் மேளகாரனானதில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் தலையாட்டினால் அடிக்கவேண்டும், அதற்கு முன் ஈ பறந்த சத்தமும் வரக்கூடாது என்று பேச்சு. கெஸ்லர் முன்வரிசையில் மேலங்கியைக் கழற்றாமல் இருந்தார்.

யோகம் மணையில் இருந்தாள். பரராசசிங்கம் எழுந்தார். கயிற்றின் ஒரு நுனியை இடது கையால் எடுத்து வலது கை விரல்களுக்குள் வைத்துக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். நினைக்கத் தொடங்குமுன் நினைப்பைக் கூட்டிக்கொள்ள அவருக்கு நேரம் வேண்டும். நான் காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து விஜயரத்தினம் அண்ணை சுவர்மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். பன்னிரண்டாக இரண்டு நிமிடம்.

"ஐயோ, நேரம் போகுது! மேளம்! மேளம்!"

எங்கள் ஆட்களிடம் எதையும் தடுக்கலாம், கெட்டிமேளத்தைத் தடுக்க ஏலாது. ஒருவர் கத்தினால் போதும். அம்புறோஸ் அடித்தான். அவன் அடிக்க எல்லாரும் அடித்தார்கள்.

பரராசசிங்கம் அப்போது விஜயரத்தினம் அண்ணையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை மடங்கியது. முஷ்டி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. தாலிக்கயிறு அதற்குள்.

சத்தம் ஓய்ந்து மண்டபம் அமைதியானபோது அவர் சொன்னார், எல்லாருக்கும் கேட்க: "காணும், போதும். இனி விடுங்கோ."

* குறிப்பு: ஜெர்மனியில் அன்று அதிகாலைதான் கோடைகாலத்துக்காக மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தார்கள். தேவாலயக்காரர் சுவர்மணிக்கூட்டை ஒழுங்காகத் தள்ளிவைத்துவிட்டார். விஜயரத்தினம் அண்ணையின் கணக்கு பழைய நேரத்துக்குரியது. முகூர்த்தம் முடிய இரண்டு நிமிடம் அல்ல, இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. இதை எனக்குச் சொன்னவர் கெஸ்லர். நான் அண்ணைக்குச் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், ஜெர்மன் அரசாங்கத்தைத் திட்டினார்.

8

இங்கிருந்து மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் யோகம் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை எடுத்துத் தானே கட்டிக்கொள்கிறாள். தொலைபேசியில் வாசித்தேன். "நான் அப்பிடிச் செய்வனோ? அவர் பிறகு ஆரின்ரை முகத்திலை முழிக்கிறது?" என்றாள்.

இரண்டாவது முடிவில் யோகம் கனடாவுக்குப் போகிறாள், விமானநிலையத்தில் திரும்பிப் பார்க்கி

(அவள் அடுத்த முனையில் ரிசீவரை வைத்துவிட்டாள். நானும் பேனாவை வைத்துவிட்டேன்.)

மூன்றாவதில் நடந்ததை எழுதினேன். அது இது:

கெஸ்லர் முன்வரிசையில் எழுந்து நின்று, "இன்னொரு முறை" என்றார். நான் சொன்னேன். விஜயரத்தினம் அண்ணை கையை விரித்தார்.

"ஒரு தாலிக்கு ஒரு கெட்டிமேளம்தான் பிள்ளையள். ரெண்டாந்தரம் அடிச்சால் ரெண்டாவது கலியாணம் நடக்கும் எண்டு சொல்லுவினம்."

(இப்படி ஒரு சாத்திரம் இருக்கிறதா, அல்லது அந்த நிமிடத்தில் அவரே உண்டாக்கினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

மணையில் இருந்த யோகம் தலையை நிமிர்த்தினாள். மணப்பெண் பேசக்கூடாத இடத்தில் பேசினாள்.

"ரெண்டாவது கலியாணமும் இவரோடைதான். மூண்டாவதும் இவரோடைதான். அடியுங்கோ அம்புறோஸ் அண்ணை. இவரின்ரை கை வருமட்டும் அடியுங்கோ."

பரராசசிங்கம் சிரித்தார். மடங்கிய முஷ்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாய் ஒருபக்கம் கோணக்கோண, தோள் குலுங்கச் சிரித்தார். அவர் நோயில் விழுந்த பிறகு அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சிரிக்கச் சிரிக்க முஷ்டி மெல்ல இளகியது.

மறுபடி தொலைபேசியில் கூப்பிட்டு இதுவரை வாசித்ததும் யோகமும் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அக்கா, இதோடை நிப்பாட்டுங்கோ. கை வந்ததோ வரேல்லையோ எண்டு எழுதாதையுங்கோ. எழுதினால் எல்லாரும் கையைத்தான் பாப்பினம். அவர் சிரிச்சதை ஒருத்தரும் பாக்கமாட்டினம்."

வாக்குக் கொடுத்தேன்.

9

கொடுத்த பிறகுதான் யோசித்தேன்: வாக்குக் கொடுக்காவிட்டாலும் கை எழுந்துபோகும் அந்தக் கணத்தை என்னால் எழுதியிருக்க முடியாது. கோப்பையை நோக்கிக் கை போனதை நான் பார்க்கவில்லை. பயிற்சி அறையில் மூடி அடிபட்ட ஒவ்வொரு தடவையும் என் கண் இறுக மூடிக்கொண்டது. திறந்தால் கை போய்ச் சேர்ந்திருக்கும். கெஸ்லரைக் கேட்டேன், தானும் கண்டதில்லை என்றார். கையை எழுப்புகிற சத்தமே பார்க்கிறவர் கண்ணையும் மூடிவிடுகிறது. அந்த ஒரு கணம் எங்கள் யாருக்கும் காட்டப்படவில்லை. இதில் எனக்கு முறைப்பாடு இல்லை. காணாமலே கைகூப்ப ஒரு காரியம் கிடைத்ததே என்றுதான் இருக்கிறது.

ஆனால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. தாளில் சத்தம் கிடையாது. உங்கள் கண் மூடாது.

ஆகவே இப்படி, அந்த மண்டபத்துக்குள் வாருங்கள், எனக்குப் பக்கத்தில் நில்லுங்கள். யோகம் தலையைக் கொஞ்சம் குனிந்திருக்கிறாள். விஜயரத்தினம் அண்ணையின் வாயை யாரோ பொத்தியிருக்கிறார்கள். அம்புறோஸ் அகப்பையை ஓங்கிக்கொண்டு என்னையே பார்க்கிறான். பரராசசிங்கம் இப்போது யாரையும் பார்க்கவில்லை. அவள் பிடரியை நினைக்கிறார். நினைப்பு நிறைகிறது. நிறைந்துவிட்டது.

நீங்கள் பாருங்கள். கண்டதை என்னிடம் சொல்லவேண்டாம்.

நான் தலையாட்டிவிட்டேன்.